புதன்கிழமைக் கணக்கு

ஜூலை 17, புதன். ஆடி 1

சுபிதா இந்த டைரியை வாங்கி வந்தாள். வருடத்தில் பாதி போய்விட்டதால் பாதி விலைக்குக் கொடுத்தானாம். "நான் போனதுக்கப்பறம் பேசறதுக்கு ஆளு வேணுமில்லம்மா, இதுல எழுது" என்றாள். அவள் என்ன அமெரிக்காவுக்கா போகிறாள்? மூன்று தெரு தள்ளி என் அண்ணன் வீட்டுக்கு. ஆவணி இருபத்துமூன்றில் அண்ணன் மகன் நவநீதனுக்கும் இவளுக்கும் கல்யாணம். தாய்மாமன் வீட்டுக்கு வாக்கப்படுகிறவளுக்காக அம்மாக்காரி டைரி எழுதுவது உலகத்தில் எங்காவது உண்டா? இருந்தாலும் வெள்ளைத்தாளைச் சும்மா விட மனம் வரவில்லை.

புதன்கிழமை எனக்குத் தொண்டை வற்றுகிற நாள். உடுமலை தளி ரோட்டில் மருந்துக்கடை மாடியில் எங்கள் சங்கம். கறிக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இருபத்தாறு பொரிப்பகங்கள் இதில் உறுப்பினர்கள். புதன் காலையில் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுவேன். இந்த வாரம் மெஷினில் எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை குஞ்சு வெளியே போனது, இவ்வளவுதான் கேள்வி. எல்லாவற்றையும் கூட்டி மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு பக்கச் சீட்டாக அனுப்புவேன். மெஷினில் வைத்த முட்டை மூன்று வாரத்தில் குஞ்சு. குஞ்சு ஆறு வாரத்தில் கோழி. ஆகவே இன்றைக்கு வைத்த முட்டை ஒன்பதாவது வாரம் யாரோ ஒருவர் வீட்டில் பிரியாணி. கோழி வளர்க்கிறவர்கள் என் சீட்டைப் பார்த்துத்தான் குஞ்சு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஜோசியரை நம்பாதவன்கூட வியாழக்கிழமைச் சீட்டை நம்புவான். பத்தொன்பது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பண்ணையை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஜூலை 24, புதன்

ஆடியில் எண்ணிக்கை குறைய வேண்டும். ஆடியில் வைக்கும் முட்டை புரட்டாசியில் கறியாகும், புரட்டாசியில் பாதிப்பேர் கறி தொடமாட்டார்கள். அதனால் எல்லோரும் இப்போதே முட்டையைக் குறைத்துக்கொள்வது வழக்கம். போன வருடம் நாற்பத்தெட்டு லட்சம் இருந்தது ஆடியில் நாற்பதுக்கு வந்தது. இந்த வருடம் பாருங்கள், நாற்பத்தொன்பது.

பெரிய பொரிப்பகத்து மேனேஜரிடம் பேசும்போது பின்னால் டொம் டொம் என்று சத்தம். என்ன என்று கேட்டேன். "பட்டறை வேலைங்க. ஆடிதானுங்களே, சும்மா கெடக்கற மெஷினக் கழுவி பெயிண்ட் அடிச்சுக்கலாம்னு" என்றார். ஆனாலும் அவர் முட்டை வழக்கம்போல ஒன்பது லட்சம். ராகல்பாவியில் சின்னப் பொரிப்பகம் வைத்திருப்பவர் ரங்கராஜ். எப்போதும் மூக்கால் அழுவார். இன்றைக்கு "ஒரு தட்டுகூட காலியில்லீங்க மேடம்" என்று சிரித்தார். எல்லோருக்கும் பேராசை. அடுத்தவன் குறைப்பான், நாம் ஏன் குறைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு நினைத்தால் புரட்டாசியில் கோழி தெருவில்தான் நிற்கும்.

ஜூலை 28, ஞாயிறு

பத்திரிகை அச்சாகி வந்தது. அண்ணன் தங்கமுத்து, நங்கை நல்லம்மா இருவரும் வந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைக்கும் எனக்கும் முப்பது வருடமாகச் சண்டையும் உண்டு, ஒரே கிண்ணத்தில் சாப்பாடும் உண்டு. யார் யாருக்குப் பத்திரிகை என்று பேச ஆரம்பித்து, வெள்ளகோவில் பெரியப்பா வீட்டை யார் போய் அழைப்பது என்பதில் நின்றது. "பொண்ணு வூட்டுக்காரிங்கற மொறையில நானும் போவோணும்" என்றேன். "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க போவாம இருந்தா நல்லாருக்குமா?" என்றாள் நங்கை. சரி, இரண்டு பேரும் தனித்தனியாக அழைப்பது என்று முடிவானது. முறை என்று இருக்கிறதல்லவா?

சமையல் மாஸ்டர் போன் செய்து, "உங்க பக்கம் எத்தனை பேருங்க?" என்றார். எண்ணித்தான் சொன்னேன். எழுநூறு.

ஜூலை 31, புதன்

நாற்பத்தொன்பதரை.

ஆகஸ்ட் 7, புதன்

பரீத் பாய் ஆபீசுக்கு வந்தார். குஞ்சுப் பெட்டி விற்கிறவர். ஒவ்வொரு பொரிப்பகமும் குஞ்சு அனுப்ப அட்டைப்பெட்டி இவரிடம்தான் வாங்கும். டீ வாங்கித் தந்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, உங்க சீட்டுல குஞ்சு ஏறிட்டே போவுது. என்ற பெட்டி இறங்கிட்டே போவுது. குஞ்செல்லாம் நடந்தே போவுதா?"

"வேற யாராவது கம்மி ரேட்டுக்குப் போட்டிருப்பாங்க பாய்."

"வேற யாரு? எனக்குத் தெரியாத பெட்டிக்காரன் இந்தத் தாலுக்காவுல ஏதும்மா?"

உங்கள் வியாபாரம் படுத்தால் என் கணக்கைக் குறை சொல்லாதீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

சுபிதாவின் அலமாரியைக் காலி செய்தோம். எனக்கு ஒன்றுமில்லை. ஆடிக்காற்றில் புழுதி, கண் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

நாற்பத்தொன்பது. குஞ்சும் அதே கணக்குக்குத் தக்கபடி கூடியிருக்கிறது. ஆக முட்டைக் கணக்கில் தவறில்லை என்று குஞ்சுக் கணக்கே சாட்சி சொல்கிறது.

மத்தியானம் சம்பூரணக்கா கூப்பிட்டார். பெதப்பம்பட்டி தாண்டி மூன்று ஷெட் தாய்க்கோழியும் அதற்குள்ளேயே சின்னப் பொரிப்பகமும் வைத்திருக்கிறவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாக நடத்துகிறார். புதன்கிழமையில் நான் கூப்பிடும் இருபத்தாறு பேரில், முட்டை எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு "நீ சாப்புட்டியா?" என்று கேட்கிற ஒரே ஆள்.

"கலா, உன்ற சீட்டப் பாத்துப்போட்டு ஊரே பயந்து கெடக்குது. என்ற குஞ்ச எடுத்துக்கறேன்னவங்கெல்லாம் இப்ப வேண்டாம்ங்கறாங்க. புரட்டாசியில கோழி வழியப்போவுதாம், தீபாவளிக்கும் இதே கதிதான்ங்கறாங்க. இன்னும் நாலு மாசம் முட்டை வைக்கற கோழிய இப்பவே கறிக்குத் தள்ளிப்போட்டு மூடிறலாமான்னு இருக்குது."

"மூடிப்போட்டு என்னக்கா பண்ணுவீங்க?"

"பெங்களூரு போவோணும். மகன் கூப்புட்டுட்டுத்தான் இருக்கறான். பதினாலாவது மாடி. பொறவு நானென்ன பண்ண, ஜன்னலக் காத்துக்கு தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்." அப்புறம் கேட்டார், "நீ சொல்லு. உன்ற கணக்கு தப்பாவுமா?"

"தப்பாவாதுங்கக்கா" என்றேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணி பிறந்தும் சீட்டு இறங்கவில்லை. நேற்றும் நாற்பத்தொன்பது. செயலாளர் வெங்கிடுசாமி சார் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒருத்தனும் அடங்க மாட்டீங்கறானே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் பொங்கலூர் பக்கம் ஒரு பண்ணையில் பங்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைத்து வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு சுபிதா கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். "எப்படிம்மா இருக்கு?" என்றாள். தோளில் கொஞ்சம் லூசு என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

சம்பூரணக்கா முடிவெடுத்துவிட்டார். கறிக்கு எடுக்கும் வியாபாரியிடம் பேசி முடித்தாயிற்று. சனிக்கிழமை ஒரு ஷெட், மீதி இரண்டும் திங்கள் விடியற்காலையில். "கல்யாணத்துக்கு வந்துருவேன் அம்மிணி. உன்ற புள்ளைக்கு ஒரு பித்தளைக் கொடம் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். முட்டை எத்தனை என்று நான் கேட்டதற்கு, "இந்த வாரமும் வெச்சிருக்கேன். அடுத்த வாரம் என்னையக் கூப்புட வேண்டியதில்ல" என்றார். போனை வைத்த பிறகு நீர்மோர் குடித்தேன். அடுத்த பொரிப்பகத்தைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆனது.

செப்டம்பர் 9, திங்கள். காலை

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. இன்றைக்கு லீவு. வீட்டில் நான் மட்டும்.

முகூர்த்தம் காலை ஆறரைக்கு. சுபிதாவின் அப்பா இல்லாததால் என் கொழுந்தனாரும் அவர் வீட்டுக்காரியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். நான் தூணருகில் நின்றேன். அங்கிருந்தும் நன்றாகவே தெரிந்தது. தாலி கட்டும்போது சுபிதா தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

சம்பூரணக்கா குடத்தோடு வந்து, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உடனே கிளம்பினார். "நாளைக்கு வண்டி வருது, ஆளுகளுக்குச் சொல்லோணும்" என்றார். சனிக்கிழமையே ஒரு ஷெட் போய்விட்டிருந்தது.

இரண்டு மணிக்குப் பந்தி ஓய்ந்தது. சமையல் மாஸ்டர் என்னையும் அண்ணனையும் கூட்டிப் போய்ச் சமையல்கட்டைக் காட்டினார். அண்டா அண்டாவாகச் சோறு. ஒரு கொப்பரைச் சாம்பாரில் கரண்டியே படவில்லை. பாயசம் பால் ஆடையோடு அப்படியே நிற்கிறது.

"நீங்க எழுநூறுன்னீங்க. அண்ணாரு எழுநூறுன்னாரு. ஆயரத்து நானூறுக்கு ஒலை வெச்சேன். வந்தது எண்ணூறு பேரு. பாத்திரம் பத்தாம பக்கத்து மண்டபத்துல வாடகைக்கு அண்டா எடுத்து ஆக்குனேன்" என்றார் மாஸ்டர்.

"நான் சரியாத்தானே எண்ணினேன்" என்றேன்.

"நானும் சரியாத்தான் எண்ணினேன்" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேரும் சரிதானுங். வெள்ளகோவில் பெரியப்பா உங்களுக்கும் பெரியப்பா, அவருக்கும் பெரியப்பா. அவரு ஒரு எலையிலதான உக்காருவாரு? சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்றவங்க எல்லாருமே இப்பிடித்தானுங் பண்றீங்க."

நங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊரு முட்டையெல்லாம் எண்றவளுக்கு சொந்தக்காரங்கள எண்ணத் தெரியலையே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வாடகை அண்டாவைப் பார்த்தேன். அதன் மேல் பக்கத்து மண்டபத்துப் பெயர் வெட்டியிருந்தது. உள்ளே எங்கள் சோறு. இதை அந்த மண்டபத்துக்காரனிடம் கேட்டால் "என் அண்டாவில் இத்தனை படி வெந்தது" என்பான். என்னிடம் கேட்டால் "எங்கள் சோறு இத்தனை படி" என்பேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சோறு மட்டும் ஒன்றுதான்.

 ஆடியில் போனில் கேட்ட அந்தப் பட்டறைச் சத்தம் மறுபடி காதில் கேட்டது.

பெரிய பொரிப்பகத்து மேனேஜரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கை கழுவும் இடத்தில் பிடித்தேன். "ஆடியில உங்க மெஷினெல்லாம் பெயிண்ட்டுல இருந்துச்சே, முட்டைய எங்கீங்க வெச்சீங்க?"

"வாடகைக்கு வெச்சோமுங்க. ரங்கராஜ் கிட்ட கொஞ்சம், இன்னொரு மூணு எடத்துல கொஞ்சம். இன்னும் பெயிண்ட் வேலை முடியலைங்க."

"அப்ப எங்கிட்டச் சொன்ன ஒம்போது லட்சம்?"

"எங்க முட்டைதானுங்களே அது."

"அந்த நாலு பேரும் அதே முட்டைய அவங்க கணக்குலயும் சொன்னாங்களே!"

"அவங்க மெஷின்ல வெச்சது அவங்கதானுங்களே." ஈரக்கையோடு என்னைப் பார்த்தார். "எத்தனை முட்டை வெச்சீங்கன்னு கேட்டீங்க, சொன்னோம். யாரோட முட்டைன்னு நீங்க கேக்கலையேங்க மேடம்."

நாற்பத்தொன்பதில் ஒன்பது போனால் நாற்பது. எல்லோரும் ஒழுங்காகக் குறைத்துத்தான் இருக்கிறார்கள். குஞ்சையும் இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கணக்குக்குக் கணக்கு சாட்சி சொன்னது. பெட்டி மட்டும்தான் இருக்கிற குஞ்சுக்குத் தக்கபடி ஒரே முறை போனது. கோழி எங்கேயும் வழியப்போவதில்லை. தீபாவளிக்குப் பற்றாக்குறைகூட வரலாம். இல்லாத ஒன்பது லட்சம் முட்டைக்காக, விடிந்தால் இரண்டு ஷெட் தாய்க்கோழி கறிக்குப் போகப்போகிறது.

செயலாளர் தாம்பூலப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"கமிட்டி கூடிப் பேசிக்கலாம்மா. எட்டு வாரமாத் தப்புன்னு நாமளே சொன்னா நாளைக்கு எவன் நம்புவான்? அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லக்கூடாதுங்கறது நீங்க போட்ட சட்டந்தான."

நான் போட்ட சட்டம்தான். சம்பூரணக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பண்ணைக்குள் போகிறவர்கள் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பது எட்டாவது தடவை அடித்தபோது ஞாபகம் வந்தது.

நாலு மணிக்குப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது. அப்போது மணி மூன்று ஆகவில்லை. பரீத் பாய் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். "பாய், உங்க பெட்டி ஏன் இறங்குச்சுன்னு தெரிஞ்சு போச்சு. வண்டிய எடுங்க" என்றேன். மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணனிடம், போய்விட்டு வந்துவிடுகிறேன், நேரமானால் காத்திருக்க வேண்டாம் என்றேன். சுபிதாவிடம் சொல்லவில்லை. போட்டோக்காரர் அவளை விடுவதாகத் தெரியவில்லை.

பண்ணை வாசலில் காவலுக்கு இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டுப்புடவை, சுபிதா பிடிவாதமாக வைத்துவிட்ட ஒரு முழம் பூ, கை நிறைய வளையல். "அம்மா ஷெட்டுக்குள்ள இருக்கறாங்க. வெளிய வந்தா மறுக்கா குளிச்சுட்டுத்தான் உள்ள போவோணும், அதனால வரமாட்டாங்க. பேசோணும்னா நீங்கதான் குளிச்சுட்டுப் போவோணும்" என்றாள். பாய் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

தாய்க்கோழிக்கு வெளிநோய் வந்துவிடக்கூடாது என்று வாசலிலேயே குளியலறை. பூவை எடுத்து வைத்தேன். வளையலைக் கழற்றினேன். கல்யாணப் புடவையை ஆணியில் மாட்டிவிட்டுத் தலையோடு தண்ணீரைத் திறந்தேன். அந்தத் தண்ணீரில் நின்றபோது மணி நாலு இருக்கும். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது. ரொம்ப நேரம் கழுவ வேண்டியிருந்தது.

அவர்கள் கொடுத்த நீல நைட்டியும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பத்தொன்பது வருடமாகக் கோடிக்கணக்கில் கூட்டியிருக்கிறேன், தாய்க்கோழியை நேற்றுத்தான் பார்த்தேன். வெள்ளையாக, நான் நினைத்ததைவிடப் பெரிதாக. ஒரு கூட்டம் ஓடி வந்து என் பூட்ஸைக் கொத்திப் பார்த்தது. முட்டையிடும் பெட்டிகளில் கையை விட்டு சம்பூரணக்கா முட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஷெட் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. துடைத்து வைத்த மாதிரி காலி.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்டாவைச் சொன்னேன், பெயிண்ட்டைச் சொன்னேன், ஒன்பது லட்சத்தைச் சொன்னேன். நிறுத்தாமல் முட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"தப்பு என்னுதுங்கக்கா. தப்பாவாதுன்னு நான்தான் சொன்னேன்."

"ஒரு ஷெட்டு போயிருச்சே, அம்மிணி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "நல்ல கோழிக. வண்டியில ஏத்தறப்பக்கூட ஒண்ணு ரெண்டு முட்டை வெச்சுது."

 

ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனார். பாதியில் திரும்பி, "ரெண்டு ஷெட்டு இருக்குதில்ல. நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிப்போடறேன். வியாபாரி சத்தம் போடுவான், போட்டுட்டுப் போறான்" என்றார். அப்புறம் என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். "ஏன் கலா, வாசல்ல இருக்கற பொம்பளகிட்ட ஒரு வார்த்த எழுதிக் குடுத்திருந்தா போதுமே. நாலு மணிக்குப் பொண்ணு அனுப்பறதுன்னு பத்திரிக்கையிலயே போட்டிருந்தியே?"

"அண்ணன் வூடுதானுங்க. மூணு தெருவு. அனுப்பறதுக்கு என்ன இருக்குது?"

"அதுசரி" என்றார். ஒரு முட்டையை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். இந்த முறை சோப்பைச் சொல்ல முடியாது. சம்பூரணக்கா தேற்றவில்லை, முட்டைத் தட்டை என்னிடம் நகர்த்தி, "சும்மா நிக்காம அந்தப் பக்கத்து வரிசைய எடு" என்றார். எடுத்தேன்.

திரும்பி வரும்போது மண்டபத்தில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். மீந்த சோற்றை மாஸ்டர் இரண்டு விடுதிகளுக்கு அனுப்பிவிட்டாராம்.

செப்டம்பர் 9, திங்கள். சாயங்காலம்

சம்பூரணக்கா போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லியும் வண்டி வந்ததாம், காலியாகத் திரும்பிவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

இன்றைக்கு ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை குஞ்சு போனது, வைத்தது உங்கள் முட்டையா வாடகைக்கு வந்த முட்டையா? ரங்கராஜ் "இதென்னங்க புதுசா சாதி கேக்கற மாதிரி" என்றார். கேட்கத்தான் கேட்பேன் என்றேன்.

கமிட்டி இன்னும் கூடவில்லை. நாளைய சீட்டை நானே தயார் செய்துவிட்டேன். போன எட்டு வாரக் கணக்கையும் திருத்தி, அடியில் இரண்டு வரி: "வாடகை மெஷினில் வைத்த முட்டை இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. பிழை என்னுடையது. கலாமணி." செயலாளரிடம் காட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அனுப்புனா ஒங்க வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"தப்புச் சீட்டு அனுப்பற வேலையா இருந்தா எனக்கு வேண்டாமுங்க சார்."

செப்டம்பர் 12, வியாழன்

காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். பத்து மணிக்குள் முப்பது போன். திட்டியவர்கள் அதிகம். குஞ்சு எடுக்காமல் ஷெட்டைக் காலியாகப் போட்ட ஒருவர், நான் சோறு தின்கிறேனா வேறு ஏதாவது தின்கிறேனா என்று கேட்டார். நியாயம்தான். கேட்டுக்கொண்டேன். கடைசியில் அவரே, "சரி, தீபாவளிக்குக் குஞ்சு யாருகிட்டங்க இருக்குது?" என்றார். யாருக்கும் தனியாகச் சொல்ல மாட்டேன் என்றேன். எல்லாப் பொரிப்பகத்து நம்பரும் சீட்டின் அடியில் இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் சத்தம். என் நாற்காலி தப்பியது. மூன்றாவது கேள்வியை நிரந்தரமாக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். செயலாளர் முன்மொழிந்தாராம்.

செப்டம்பர் 18, புதன். புரட்டாசி 2

சம்பூரணக்காவின் குஞ்சை முழுக்க முன்பதிவு செய்துவிட்டார்கள். "பெங்களூருக்காரன் கோவிச்சுக்கிட்டான். இருக்கட்டும், பொங்கலுக்கு வருவான்" என்றார். முட்டை எண்ணிக்கை சொன்னார். மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை எழுதும்போது அந்தக் காலி ஷெட் கண்ணில் நின்றது. இனி ஒவ்வொரு புதனும் நிற்கும், நிற்கட்டும்.

"சாப்புட்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ஒருத்திக்கு உலை வைக்க இன்னும் கை வரவில்லை. நாளும் மீந்து, காலையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் கரைத்துக் குடிக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

நாற்பத்து மூன்று லட்சம். எல்லாம் ஒருமுறை எண்ணியது.

ஆபீஸிலிருந்து வந்து பூட்டைத் திறக்கப் போனால் கதவு திறந்திருந்தது. சுபிதா சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறாள். புதுத்தாலி நைட்டிக்கு வெளியே தொங்குகிறது.

"அங்க சொல்லிட்டு வந்தியா?"

"அத்தைகிட்ட சும்மா ஒரு நடை போயிட்டு வாரேன்னு சொன்னேன். பசிக்குதும்மா."

"அன்னைக்கு நாலு மணிக்கு என்னையத் தேடினியா?" என்றேன். இத்தனை நாள் கேட்கவில்லை.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தேடினேன். நீ இருந்திருந்தா அழுதிருப்பேன், மேக்கப் போயிருக்கும்" என்றாள். அப்புறம் எழுந்து வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "நீ குளிச்சுட்டு அழுதியாமா? சம்பூரணம் பெரியம்மா சொன்னாங்க" என்றாள். அந்த அக்காவிடம் ஒன்றையும் நம்பிச் சொல்லக்கூடாது. ஆமாம், அழுதேன் என்றேன். உன்னை அனுப்ப எனக்கு முடியவில்லை, அதனால்தான் ஓடினேன் என்றேன். கோழி பாதிக் காரணம். சொன்ன பிறகு லேசாக இருந்தது.

நங்கை போன் செய்தாள். "உம்பட புள்ள அங்கயா இருக்கறா? இங்க அவளுக்கும் சேத்துத்தான் சோறு வெச்சிருக்கேன், பொழுதோட அனுப்பி வெய்யி."

"ஆகட்டும் நங்கை" என்றேன்.

அடுக்களைக்குப் போய் அரிசிப்பானையைத் திறந்தேன். ஒரு ஆழாக்கு போட்டேன். இன்னொரு ஆழாக்கும் போட்டேன். ஒரே ஆளுக்கு அங்கேயும் வெந்திருக்கிறது, இங்கேயும் வேகப்போகிறது. தெரிந்துதான் போட்டேன். இந்தக் கணக்கை மட்டும் நான் திருத்துவதாக இல்லை.